ஈஸி ஸ்டாருக்குப் பிரஷ்லெஸ் மோட்டார்

ஜெர்மனியின் மல்டிப்ளெக்ஸ் நிறுவனம் தயாரித்த ஈஸி ஸ்டார், பலருக்கு முதல் ரிமோட் விமானம். அதன் பழைய பதிப்பில் 400 அளவுள்ள பிரஷ் மோட்டார் இருந்தது. உள்ளே கார்பன் பிரஷ் தேயத் தேய வேகம் குறையும். கொஞ்சம் காற்று அடித்தாலே விமானம் ஏறத் திணறும். அந்த மோட்டாரைக் கழற்றிப் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் மாட்டுவது ஒரு விடுமுறை நாள் வேலைதான். கணக்கை மட்டும் சரியான இடத்தில் தொடங்க வேண்டும்.

பலரும் மோட்டாரை வாங்கிவிட்டு மற்றதை யோசிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது புரொப்பெல்லர். இந்த விமானத்தில் அது மூக்கில் இல்லை. இறக்கைக்குப் பின்னால், வால்தண்டுக்கு மேலே இருந்துகொண்டு தள்ளுகிறது. தண்டில் இடிக்காமல் சுற்ற 5 அல்லது 5.5 அங்குலம், மிஞ்சிப்போனால் 6. சின்ன புரொப்பெல்லர் வேகமாகச் சுற்றினால்தான் தள்ளும். ஆகவே கேவி எண் கூடுதலான மோட்டார் தேவை. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதே கேவி. 3 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கு 2200 கேவி பொருந்தும். மலிவாகக் கிடைக்கும் 1000 கேவி மோட்டார் 10 அங்குல புரொப்பெல்லருக்கானது, இங்கே உதவாது.

நிதானமாகப் பறக்க, எடையில் கிலோவுக்கு 150 வாட் போதும். பேட்டரியோடு 700 கிராம் என்றால் 105 வாட். 11 வோல்ட்டில் ஏறத்தாழ 10 ஆம்பியர். புரொப்பெல்லர் கொஞ்சம் பெரிதானாலே கரன்ட் எகிறிவிடும் என்பதால் 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வாங்குங்கள். பழைய ஈ.எஸ்.சி. இரண்டு வயர் மோட்டாருக்கானது. பிரஷ்லெஸ்ஸுக்கு மூன்று வயர் வேண்டும்.

பழைய மோட்டார் ஃபோமுக்குள் ஒட்டியிருக்கும். கூரான கத்தியால் சுற்றிலும் கீறி, அவசரப்படாமல் எடுங்கள். 28 மி.மீ. விட்டமுள்ள இன்ரன்னர் (வெளிக்கூடு சுற்றாத மோட்டார்) அதே குழியில் உட்காரும். கத்தி வேலையில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு அதுவே நல்லது. அவுட்ரன்னரில் வெளிக்கூடே சுற்றுவதால் அதைப் பிடித்து ஒட்ட முடியாது. 3 மி.மீ. பிளைவுட்டில் ஒரு தட்டு வெட்டி, மோட்டாரின் அடிப்பகுதியை அதில் திருகி, தட்டை எபாக்சியால் ஒட்டுங்கள். கூட்டைச் சுற்றி ஃபோமைச் செதுக்கி இடைவெளி விடுங்கள். முன்பக்கம் காற்று புக ஒரு துளையும் வேண்டும்.

வயர் எட்டவில்லையா? மோட்டார் பக்கத்து மூன்று வயர்களை நீட்டுங்கள். பேட்டரி பக்கத்து வயரை நீட்டினால் ஈ.எஸ்.சி.யின் கெபாசிட்டர்கள் திணறும்.

இப்போது புரொப்பெல்லர் இல்லாமலே த்ராட்டில் அளவைப் பதியுங்கள். டிரான்ஸ்மிட்டரில் த்ராட்டிலை முழுதாக ஏற்றிவிட்டு பேட்டரியைச் செருகுங்கள்; பீப் சத்தம் கேட்டதும் கீழே இறக்குங்கள். ஈ.எஸ்.சி.யில் பேட்டரி வகை லிப்போ என்றே அமைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அது உரிய நேரத்தில் மோட்டாரை நிறுத்தாது. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி கெட்டுவிடும். மோட்டார் எதிர்த் திசையில் சுற்றினால் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் போதும்.

புரொப்பெல்லரில் எழுத்து அச்சிட்ட பக்கம் எப்போதும் விமானம் போகும் திசையையே பார்க்க வேண்டும், பின்னிருந்து தள்ளினாலும் சரி. இன்னொன்று: வழக்கமான புரொப்பெல்லரை இப்படிப் பின்பக்கம் மாட்டும்போது, சுற்றும் திசை நட்டைத் தளர்த்தப் பார்க்கும். நைலான் பூட்டு நட்டோ, திருகுப் பசையோ அவசியம்.

பிறகு பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவே வாட் மீட்டரை இணைத்து, விமானத்தை ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்ள, சில நொடி முழு த்ராட்டில் கொடுங்கள். 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி.யில் கரன்ட் 24 ஆம்பியரைத் தாண்டினால் சின்ன புரொப்பெல்லருக்கு மாறுங்கள். இந்த மீட்டரை வாங்கத் தயங்குகிறவர்கள் அதைவிட அதிகம் செலவழித்து இன்னொரு ஈ.எஸ்.சி. வாங்குவார்கள்.

லிப்போ பழைய பேட்டரியைவிட இலகு என்பதால் சமநிலைப் புள்ளி பின்னால் நகரும். பேட்டரியை மூக்குப் பக்கம் தள்ளி, இறக்கையின் முன் விளிம்பிலிருந்து 78 மி.மீ. இடத்தில் விமானம் சமமாக நிற்கிறதா பாருங்கள்.

முதல் தடவை பாதித் த்ராட்டிலில் எறியுங்கள். மோட்டார் உயரத்தில் இருப்பதால் முழு வேகம் கொடுத்தால் மூக்கு கீழே குனியும். எலிவேட்டரைச் சற்று மேலே வைத்திருங்கள். இறங்கியதும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால், அடுத்த பறப்புக்கு முன் புரொப்பெல்லரை அரை அங்குலம் குறையுங்கள்.