ஐப்பசி மழைக்கு முன் பின்சக்கர டிரம்மைத் திறந்து பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தமிழகத்தில் தொடங்கும். மாருதி 800, ஆம்னி, அம்பாசடர், பத்மினி என்று பழைய கார் வைத்திருப்பவர்கள் அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பின்சக்கர பிரேக்குக்காக ஒதுக்குங்கள். வைப்பரையும் டயரையும் மாற்றச் சொல்ல ஆள் உண்டு. டிரம்முக்குள் கசியும் பிரேக் ஆயில் வெளியே தெரியாது என்பதால் அதை யாரும் நினைப்பதில்லை.

பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்சக்கரங்களே செய்கின்றன. பின்னால் ஒரு சக்கரம் சரியாகப் பிடிக்காவிட்டாலும் காய்ந்த ரோட்டில் ஓட்டுபவருக்கு உறைக்காது. மழையில் கதை வேறு. ஆயில் நனைந்த லைனர் சில சமயம் வழுக்கும், சில சமயம் திடீரென்று கவ்வும். இரண்டு பின்சக்கரங்களும் இரண்டு விதமாகப் பிடித்தால் ஈர ரோட்டில் வண்டியின் வால் ஒதுங்கும். மிகப் பழைய அம்பாசடர்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் சர்க்யூட்தான். அங்கே ஒரு வீல் சிலிண்டர் கைவிட்டால் நான்கு பிரேக்கும் போய்விடும்.

முதலில் பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பாருங்கள். இப்போதைய மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். லைனர் தேயத் தேய மட்டம் மிக மெதுவாக இறங்குவது இயல்பு. ஒரு வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். மேலே ஊற்றி மட்டத்தைச் சரிசெய்துவிட்டு மறந்துவிடும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள்.

அடுத்து டார்ச் எடுத்துக்கொண்டு பின்சக்கரங்களின் உட்பக்கம் பாருங்கள். பேக் பிளேட்டின் கீழ் விளிம்பிலும் டயரின் உள் சுவரிலும் ஈரத் தடம் இருக்கிறதா? பிளேட்டில் பெயிண்ட் கொப்பளித்து உரிந்திருக்கிறதா? பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும், அதனால் அது நல்ல தடயம். ராத்திரி சக்கரத்தடியில் அட்டை போட்டு வைத்தால் காலையில் சொட்டு விழுந்த இடம் தெரியும்.

ஈரம் இருந்தால் அது எந்த ஆயில் என்பதை உறுதி செய்யாமல் சாமான் வாங்காதீர்கள். அம்பாசடர், பத்மினி, ஆம்னி மூன்றும் பின்சக்கர இயக்கம் கொண்டவை. அவற்றில் ஆக்சில் சீல் போனால் கியர் ஆயில் டிரம்முக்குள் வரும். மாருதி 800-இல் பின்னால் ஆக்சில் ஆயிலே கிடையாது, பேரிங் கிரீஸ்தான் உருகி வரலாம். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டைத் தொட்டுத் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும். கியர் ஆயிலும் கிரீஸும் கரையாமல் மிதக்கும். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடையும் உண்டு. பார்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

இன்னொரு சோதனை: இன்ஜின் ஓடும்போது பெடலை அழுத்தமாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். கால் மெல்லக் கீழே இறங்கினால் பிரஷர் எங்கோ போகிறது. நான்கு சக்கரமும் காய்ந்திருந்து, டப்பா மட்டமும் குறையாவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளேயே விடுகிறது. சக்கரங்கள் காய்ந்திருந்து மட்டம் மட்டும் குறைந்தால், மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கச் சீல் வழியாக ஆயில் பூஸ்டருக்குள் போகிறதா என்று பாருங்கள்.

பிரிக்கும்போது முன்சக்கரங்களுக்குக் கல் வையுங்கள், ஹேண்ட் பிரேக்கை விடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போடுங்கள். டிரம்மில் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே ஊதாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. நனைத்த துணியால் துடைத்து, துணியோடு கட்டி அப்புறப்படுத்துங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அவிழ்க்க வேண்டாம். ஸ்பிரிங் எந்தப் பக்கம் மாட்டியிருந்தது என்ற குழப்பம் வந்தால் அவிழ்க்காத பக்கம் காட்டிக்கொடுக்கும்.

இப்போது முக்கியமான இடம். வீல் சிலிண்டரின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் மூடியைச் சின்ன ஸ்குரூடிரைவரால் மெல்ல நெம்பித் தூக்குங்கள். உள்ளே லேசாகப் பிசுபிசுத்தால் பயமில்லை. ஆயில் தேங்கி நின்று, தூக்கியதும் வழிந்தால் அந்தச் சிலிண்டரின் ஆயுள் முடிந்தது. உள் ரப்பர் தேய்ந்து ஆயில் மூடி வரை வந்துவிட்டது, மூடி நிறைந்ததும் லைனரில் இறங்கும். வெளியே ஒரு சொட்டும் காணாத நிலையிலேயே இதைப் பிடித்துவிடலாம் என்பதற்காகத்தான் டிரம்மைக் கழற்றச் சொல்கிறேன்.

கிட் மட்டும் வாங்கி ரப்பரை மாற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். துளையின் சுவர் கண்ணாடிபோல் இருந்தால் போதும். பெரும்பாலும் அப்படி இருக்காது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வருடக்கணக்கில் மாற்றாத ஆயிலால் சிலிண்டர் சுவரில் துரு அரித்துக் குழி விழும். விரல் நகத்தில் குழி தட்டுப்பட்டால், எமரி போட்டுத் தேய்த்தாலும் புது ரப்பர் சீக்கிரமே கிழியும். சிலிண்டர் முழுதாக மாற்றுவதே என் கட்சி; இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே வயதுள்ள மற்றது நெடுநாள் தாங்காது. பைப் நட் துருப்பிடித்து இறுகியிருக்கும். சாதாரண ஸ்பேனரால் மல்லுக்கட்டினால் முனை மழுங்கும், பைப் முறுக்கிக்கொள்ளும். பைப்புக்கென்று வாய் பிளந்த ரிங் ஸ்பேனர் கடையில் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆயில் நனைந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி, எமரி போட்டு, வெயிலில் காயவைத்து மாட்டுவது நம் ஊரில் சர்வசாதாரணம். செய்யாதீர்கள். லைனர் ஆழம் வரை ஆயிலைக் குடித்திருக்கும். டிரம் சூடானதும் அது மேலே வரும். இரண்டு பக்கத்துக்கும் புது செட் போடுங்கள். டிரம்மை பிரேக் கிளீனர் தெளித்துத் துடைக்கலாம். வரிப்பள்ளம் இருந்தால் லேத்தில் கொடுங்கள், ஆனால் டிரம்மிலேயே பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டினால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ரப்பர் பாகங்களில் பெட்ரோல், மண்ணெண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது, பட்டால் ஊதிவிடும். புது பிரேக் ஆயிலைத் தொட்டு மாட்டுவதே முறை. கசியும் சக்கரத்துக்குப் போகும் பைப்பை அடைத்துவிட்டு ‘ஊர் போய்ச் சேரலாம்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள்.

ஆயில் டப்பா மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருக்கும். அதன்படி சீல் உடைக்காத பாட்டில் வாங்குங்கள். ஏர் எடுக்கும்போது வழக்கமாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் வண்டியின் மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதன்படி செய்யுங்கள். பழைய காரில் பெடலை அடி வரை மிதிக்காதீர்கள், கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாகப் பிஸ்டன் போகாத பகுதியில் துரு இருக்கும், அதில் ரப்பர் உரசினால் நல்லதும் கெட்டுவிடும். நிப்பிளில் நிறம் தெளிந்த ஆயில் குமிழியில்லாமல் வரும்வரை விடுங்கள்.

தீபாவளி விடுமுறைக்கு மலைக்குப் போகிறவர்கள் இந்த ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடவே கூடாது. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 வரை இறங்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் ஈரம் ஏறிய ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சுபோல் இறங்கும். கீழ் கியரில் இறங்குங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றுங்கள்.

மழை தொடங்கியபின், தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்ததும் பின்னால் வண்டி இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாக மிதித்து டிரம்மைக் காயவிடுங்கள். நாள்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள். ஈரத்தில் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும். சக்கரத்தின் நடுப்பகுதி வரை வெள்ளத்தில் நின்ற வண்டியை டிரம்மைத் திறந்து பேரிங்கையும் பார்க்காமல் ரோட்டில் எடுக்க வேண்டாம். வேலை முடிந்த முதல் வாரம் தினமும் காலையில் டேப் குறியைப் பாருங்கள். மட்டம் இறங்கினால், முதலில் நீங்கள் கழற்றி மாட்டிய பைப் நட்டில் விரல் வைத்துப் பாருங்கள்.