10 நிமிஷ பிரசன்டேஷன்: உங்க சம்பளத்தைத் தீர்மானிக்கிற ஸ்கில் இதுதான்!



நம்ம வழக்கமா எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வரி சேமிப்பு பத்திதான் பேசுவோம். இன்னிக்கு அந்த எஸ்ஐபிக்கே பணம் எங்கிருந்து வருதோ, அந்த இடத்தைப் பத்திப் பேசலாம். அதாங்க, உங்க வேலை.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். ரெண்டு பேருக்கும் இன்னிக்கு மாசச் சம்பளம் 40,000 ரூபாய். ஒருத்தருக்கு வருஷா வருஷம் 8% இன்கிரிமென்ட், இன்னொருத்தருக்கு 10%. பத்து வருஷம் கழிச்சு முதல் ஆளோட சம்பளம் சுமார் 86,350 ரூபாய். ரெண்டாவது ஆளோட சம்பளம் சுமார் 1,03,750 ரூபாய். மாசத்துக்கே 17,400 ரூபாய் வித்தியாசம்! மியூச்சுவல் ஃபண்டுல மட்டும் இல்ல, சம்பளத்துலயும் கூட்டு வட்டி இப்படித்தான் வேலை செய்யும்.

அந்த 2% யாருக்குப் போகணும்னு முடிவு பண்றவங்க, பெரும்பாலும் நீங்க தினமும் செய்யுற வேலையை நேர்ல பார்க்கிறவங்க இல்ல. அவங்களுக்கு உங்களைத் தெரியறது வருஷத்துல நாலஞ்சு மீட்டிங்லதான். ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து ரிப்போர்ட் போட்டது ஒருத்தர், மீட்டிங்ல எழுந்து பேசிப் பேர் வாங்கினது இன்னொருத்தர். இது நடக்காத ஆபீஸ் இருக்கா சொல்லுங்க!

அதனால பிரசன்டேஷனையும் ஒரு முதலீடாப் பாருங்க. எப்படிச் செய்யணும்னு ஸ்டெப் ஸ்டெப்பாப் பார்க்கலாம்.

முதல்ல ஒரு பாடம்: முக்கியமான விஷயம் கடைசி வரியில இருந்தா?

2003 ஜனவரி 16. நாசாவோட கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்புது. கிளம்பி 82 விநாடி ஆகும்போது எரிபொருள் டேங்க்ல இருந்து ஒரு நுரைத் துண்டு பிஞ்சு வந்து, இடது இறக்கையில அடிக்குது. ஓடம் விண்வெளியில இருக்கும்போதே இன்ஜினியர்கள் இதை ஆராய்ஞ்சு, நாசா மேனேஜர்களுக்கு பிரசன்டேஷன் கொடுத்தாங்க.

அதுல ஒரு ஸ்லைடு ரொம்பப் பிரபலம். "பழைய சோதனை முடிவுகளைப் பார்த்தா பாதுகாப்புக்கு இடம் இருக்கு"ங்கிற மாதிரி தொனியில தலைப்பு. அதுக்குக் கீழ புள்ளி வச்சு, உள்ளுக்குள்ள இன்னொரு புள்ளி வச்சு, அதுக்குள்ளயும் இன்னொன்னுன்னு நிறைய வரிகள். கடைசியில, சின்ன எழுத்துல ஒரு விஷயம் இருந்தது. சோதனையில பயன்படுத்தின துண்டு 3 கன அங்குலம். இப்போ அடிச்ச துண்டு சுமார் 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு பெருசு!

நம்ம வீட்டுக் கணக்குல சொன்னா, ஒன்னு சின்ன டீ கப்புல பாதி அளவு. இன்னொன்னு 20 லிட்டர் வாட்டர் கேன் ஒன்றரை. டீ கப்பை வச்சுப் பண்ணின சோதனையை நம்பி, வாட்டர் கேன் அடிச்சதுக்கு முடிவு எடுக்க முடியுமா? முடியாது. அந்த ஸ்லைடு சொல்ல வேண்டியிருந்த ஒரே விஷயம் அதுதான். அது கடைசி வரியில இருந்தது.

பிப்ரவரி 1-ம் தேதி பூமிக்குத் திரும்பும்போது ஓடம் உடைஞ்சு, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்துட்டாங்க. விபத்துக்கு ஒரு ஸ்லைடு மட்டுமே காரணம்னு யாரும் சொல்லல. காரணங்கள் நிறைய. ஆனா விசாரணைக் குழுவோட அறிக்கை, இந்த ஸ்லைடைத் தனியா எடுத்துப் போட்டு விமர்சனம் பண்ணுச்சு. முடிவெடுக்கிறவங்க அதைப் படிச்சா, உயிருக்கே ஆபத்துங்கிறது புரியாமப் போக வாய்ப்பு இருக்குன்னு சுட்டிக்காட்டுச்சு.

நம்ம ஆபீஸ் ஸ்லைடுல யார் உயிரும் போகாதுதான். ஆனா பாடம் ஒன்னுதான்: தகவல் ஸ்லைடுல இருக்கிறது வேற, அது கேட்கிறவங்க மண்டைக்குள்ள போறது வேற.

ஸ்டெப் 1: லேப்டாப்பைத் திறக்காதீங்க, ஒரு பேப்பரை எடுங்க

நம்மள்ல பல பேர் பண்றது என்ன? மீட்டிங்னு சொன்னதும் பவர்பாயின்ட்டைத் திறந்து, டெம்ப்ளேட் தேடி, கலர் மாத்தி ரெண்டு மணி நேரம் ஓட்டிடுவோம். என்ன சொல்லப் போறோம்னு மட்டும் யோசிச்சிருக்க மாட்டோம்.

அமேசான்ல 2004-லயே தலைமைக் குழு மீட்டிங்ல பவர்பாயின்ட் வேண்டாம்னு ஜெஃப் பெசோஸ் சொல்லிட்டார். ஸ்லைடுக்குப் பதிலா ஆறு பக்கத்துக்கு உள்ள கட்டுரையா எழுதணும். மீட்டிங் ஆரம்பத்துல எல்லாரும் அமைதியா அதைப் படிச்சிட்டுத்தான் பேசுவாங்க. முழு வாக்கியமா எழுதும்போதுதான் நம்ம யோசனையில எங்க ஓட்டை இருக்குன்னு நமக்கே தெரியும்.

உங்களுக்கு ஆறு பக்கம் வேண்டாம். இந்த மூணு கேள்விக்கு மூணு வரி பதில் போதும்:

1. இந்த ரூம்ல முடிவு எடுக்கப் போறது யாரு?
2. நான் பேசி முடிச்சதும் அவர் என்ன செய்யணும்?
3. அவர் "வேண்டாம்"னு சொல்ல எந்தக் காரணம் இருக்கும்?

ரெண்டாவது கேள்விக்கு "அவருக்குத் தெரியணும்"னு பதில் வந்தா, ஒரு மெயில் போட்டாலே போதும். மீட்டிங்கே தேவையில்ல!

ஸ்டெப் 2: பதிலை முதல்ல சொல்லுங்க

ஸ்கூல்ல கணக்குப் பரீட்சையில எல்லா ஸ்டெப்பும் போட்டுட்டு, கடைசியில விடையை எழுதிக் கட்டம் கட்டுவோம். ஆபீஸ்ல அதைத் தலைகீழாப் பண்ணணும். கட்டம் கட்டின விடை முதல்ல, ஸ்டெப் எல்லாம் பின்னாடி.

ஒரு உதாரணம். உங்க டீம்ல 6 பேர். ஒவ்வொருத்தரும் மாசத்துக்கு 10 மணி நேரம் எக்செல்ல கையால ரிப்போர்ட் தயார் பண்றாங்க. ஒரு சாஃப்ட்வேர் வாங்கினா அது 2 மணி நேரமாக் குறையும்னு உங்களுக்குத் தெரியும். வருஷச் சந்தா 1,20,000 ரூபாய்.

வழக்கமா எப்படி ஆரம்பிப்போம்? "நம்ம டீம் பத்தி ஒரு அறிமுகம், இப்போ இருக்கிற நடைமுறை, சந்தையில உள்ள சாஃப்ட்வேர்கள்…" ஏழாவது ஸ்லைடு வரும்போது மேனேஜர் போனைப் பார்த்துட்டு இருப்பார்.

இப்படி ஆரம்பிச்சுப் பாருங்க: "சார், 1,20,000 ரூபாய்க்கு அப்ரூவல் கேட்டு வந்திருக்கேன். ஆறேகால் மாசத்துல இந்தப் பணம் திரும்பி வந்துடும். எப்படின்னு மூணு ஸ்லைடுல காட்டுறேன்."

இப்போ அவர் நிமிர்ந்து உட்காருவார். ஏன்னா நீங்க பணத்தைப் பத்திப் பேசிட்டீங்க!

ஸ்டெப் 3: "நேரம் மிச்சம்"னு சொல்லாதீங்க, ரூபாய்ல சொல்லுங்க

ஆறேகால் மாசம் எப்படி வந்துச்சு? கணக்கு இதோ:

- ஒரு ஊழியருக்கு கம்பெனி செய்யுற மாசச் செலவு, அதாவது சிடிசி: 72,000 ரூபாய்
- மாச வேலை நேரம் 180 மணி. அப்போ ஒரு மணி நேரத்துக்கு 400 ரூபாய்
- மிச்சமாகிற நேரம்: 6 பேர் × 8 மணி = 48 மணி
- மாசத்துக்கு மிச்சம்: 48 × 400 = 19,200 ரூபாய்
- 1,20,000 ÷ 19,200 = 6.25 மாசம்

வருஷத்துக்கு 2,30,400 ரூபாய் மிச்சம். சந்தா போக 1,10,400 ரூபாய் லாபம்.

இதோட நிறுத்திடாதீங்க. "நீ சொல்ற அளவுக்கு மிச்சமாகலன்னா?"ன்னு யாராவது கண்டிப்பாக் கேப்பாங்க. அந்தக் கணக்கையும் நீங்களே போட்டு வைங்க. 10 மணி நேரம் 5 ஆகத்தான் குறைஞ்சாலும் மாசம் 30 மணி, அதாவது 12,000 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 1,44,000. அப்பவும் 24,000 ரூபாய் கைல நிக்குது. ஒருத்தருக்கு மாசம் நாலேகால் மணி நேரம் மிச்சமானாலே நஷ்டம் இல்ல.

இன்னும் ரெண்டு கேள்விக்குத் தயாரா இருங்க. ஒன்னு, "இந்த விலை ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?" 18% போட்டா 21,600 ரூபாய் கூடுது. அதுக்கு இன்புட் கிரெடிட் கிடைக்குமான்னு அக்கவுன்ட்ஸ்ல முன்னாடியே கேட்டு வைங்க. ரெண்டாவது, "மிச்சமாகிற நேரத்துல யாரோட சம்பளமும் குறையப் போறதில்லையே, அப்புறம் எப்படி லாபம்?" ரொம்ப நியாயமான கேள்வி. அந்த 48 மணி நேரத்துல எந்த வேலை நடக்கும்னு சொல்லுங்க. நிலுவையில இருக்கிற பில்லுக்கு ஃபாலோ அப் பண்றதுன்னு சொன்னா, கேட்கிறவருக்கு அது பணமாத் தெரியும்.

கெட்ட செய்தி இருந்தா மறைக்காதீங்க. "முதல் மாசம் டிரெய்னிங்ல போயிடும், மிச்சம் ரெண்டாவது மாசத்துல இருந்துதான்"னு நீங்களே சொல்லிடுங்க. அவங்க கண்டுபிடிச்சா அது குறை. நீங்க சொன்னா அது நம்பிக்கை.

ஸ்டெப் 4: ஸ்லைடுக்கு நாலு விதி

- தலைப்பே செய்தியா இருக்கணும். "விற்பனை விவரம்" வேண்டாம். "மதுரையில விற்பனை 12% குறைஞ்சிருக்கு, மத்த ஊர்ல ஏறியிருக்கு"ன்னு போடுங்க. தலைப்புகளை மட்டும் படிச்சாலே முழுக் கதையும் புரியணும்.
- ஒரு ஸ்லைடு, ஒரு விஷயம். ரெண்டு விஷயம் இருந்தா ரெண்டு ஸ்லைடு. ஸ்லைடுக்குக் காசா வாங்குறாங்க?
- பார் சார்ட் பூஜ்யத்துல இருந்து தொடங்கணும். 95-ல இருந்து தொடங்கினா, 96-க்கும் 98-க்கும் உள்ள வித்தியாசம் மூணு மடங்காத் தெரியும். கவனமாப் பார்க்கிறவர் கண்டுபிடிச்சிட்டா, மத்த நம்பரையும் நம்ப மாட்டார்.
- ஒரே அலகு. ஒரு ஸ்லைடுல லட்சம், அடுத்ததுல மில்லியன்னு குழப்பாதீங்க. வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு மில்லியன், நம்ம ஆளுங்களுக்கு லட்சம், கோடி.

முக்கியமா, ஸ்லைடுல இருக்கிறதை அப்படியே வாசிக்காதீங்க. அவங்களுக்கும் படிக்கத் தெரியும். அவங்க படிக்கிற வேகம் உங்க பேச்சை விட ஜாஸ்தி.

ஸ்டெப் 5: இங்கிலீஷ் பயமா? இதைப் பண்ணுங்க

தமிழ் மீடியத்துல படிச்சு வந்த நிறைய பேருக்கு விஷயம் தெரியும், தைரியம்தான் வராது. மீட்டிங்ல நீங்க இலக்கணப் பரீட்சை எழுதப் போகல. சின்னச் சின்ன வாக்கியமாப் பேசுங்க. முதல் மூணு வாக்கியத்தையும் கடைசி ரெண்டு வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் பண்ணிடுங்க. பயம் உச்சத்துல இருக்கிறது ஆரம்பத்துலதான், அதைத் தாண்டிட்டா வண்டி ஓடிடும். ரூம்ல எல்லாரும் தமிழ் ஆளுங்கன்னா, தமிழ்ல பேசலாமான்னு தாராளமாக் கேளுங்க. நடுவுல நம்பர் சொல்லும்போது மட்டும் நிதானமாச் சொல்லுங்க, அது போதும்.

முந்தின நாள் ராத்திரி மனசுக்குள்ள ஓட்டிப் பார்க்கிறது ஒத்திகை ஆகாது. நின்னு, வாய்விட்டு, போன்ல ரெக்கார்ட் பண்ணி ரெண்டு தடவை பேசிப் பாருங்க. 10 நிமிஷம் கொடுத்திருந்தா 7 நிமிஷத்துக்குத் தயார் பண்ணுங்க. மீதி 3 நிமிஷம் கேள்விக்கு. முன்னாடி பேசினவர் இழுத்துட்டா உங்க நேரம் 5 நிமிஷமாக் குறையும். அப்போ எந்த ஸ்லைடைத் தூக்கணும்னும் முடிவு பண்ணி வைங்க.

அப்புறம், ஸ்கிரீன் ஷேர் பண்றதுக்கு முன்னாடி வாட்ஸ்அப் வெப்பை மூடுங்க, நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணுங்க. உங்க டீமேட் அக்கவுன்ட்ல எந்தப் பங்கு விழுந்துச்சுன்னு டைரக்டருக்குத் தெரிய வேண்டாம்!

ஸ்டெப் 6: தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க

கேள்வி வந்ததும் அடிச்சு விடாதீங்க. "அந்த நம்பர் இப்போ என்கிட்ட இல்ல சார். இன்னிக்கு நாலு மணிக்குள்ள மெயில்ல அனுப்புறேன்." அவ்ளோதான். நாலு மணிக்கு முன்னாடி அனுப்பிடுங்க. "இவன் சொன்னா செய்வான்"ங்கிற பேர், நல்லாப் பேசுறான்ங்கிற பேரை விட ரொம்ப நாள் நிக்கும்.

ஸ்டெப் 7: உங்க வேலையில உங்க பேர் இருக்கட்டும்

நீங்க செஞ்ச வேலையை சீனியர்தான் பிரசன்ட் பண்ணுவார்னா, சண்டை போட வேண்டாம். "கணக்கு வர்ற அந்த ஒரு ஸ்லைடை மட்டும் நான் பேசட்டுமாண்ணா? கேள்வி வந்தா எனக்குத்தான் விவரம் தெரியும்"னு முன்கூட்டியே கேளுங்க. பல பேர் சரின்னுதான் சொல்லுவாங்க, அவங்களுக்கும் பாரம் குறையுது இல்ல? அதே மாதிரி, உங்களுக்கு உதவி பண்ணின ஜூனியர் பேரை நீங்க மீட்டிங்ல சொல்லுங்க.

மீட்டிங் முடிஞ்ச அன்னிக்கே அஞ்சு வரியில ஒரு மெயில்: என்ன முடிவாச்சு, யார் என்ன செய்யணும், எந்தத் தேதிக்குள்ள. அந்த மெயிலோட காப்பியை "அப்ரைசல்"னு ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. மார்ச் மாசம் சுய மதிப்பீட்டுப் படிவம் நிரப்பும்போது, "கடினமாக உழைத்தேன்"னு எழுதுறதுக்குப் பதிலா, "வருஷத்துக்கு 1,10,400 ரூபாய் மிச்சப்படுத்தும் திட்டத்தை முன்மொழிந்து அப்ரூவல் வாங்கினேன்"னு எழுதலாம். எந்த வரிக்கு இன்கிரிமென்ட் கிடைக்கும்னு நீங்களே சொல்லுங்க.

இந்த வாரத்துக்கு ஹோம்வொர்க்

உங்க டீம்ல நேரம் வீணாகிற ஒரே ஒரு வேலையைக் கண்டுபிடிங்க. மேல போட்ட மாதிரி அதை ரூபாய்ல கணக்குப் போடுங்க. மூணு வரியில எழுதுங்க. மீட்டிங் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், மேனேஜரோட டீ குடிக்கும்போது சொல்லிப் பாருங்க. அதுதான் உங்க முதல் பிரசன்டேஷன். ஸ்லைடே வேண்டாம்.

என்ன கணக்கு வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. நம்பர் எங்கயாவது இடிச்சா, சேர்ந்தே சரி பண்ணிடலாம்!