மோட்டாருக்கும் ஒரு கூரை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் உழவும் நெசவும் அருகருகே நடைபெறுகின்றன. இரண்டுக்கும் இன்று உயிராக விளங்குவது மின்சாரமே. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு அது கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆயினும் மின்சாரம் இனாமே ஒழிய, மோட்டார் இனாமன்று. இதை அங்கத்தினர் பலர் மறந்துவிடுகின்றனர்.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது, தவணை தவறிய கடன்களின் காரணத்தை விசாரிப்பது நமது வழக்கம். "மோட்டார் எரிந்துவிட்டது, காயில் கட்டி வருவதற்குள் பயிர் வாடிவிட்டது" என்ற மறுமொழியைப் பன்முறை கேட்டிருக்கிறோம். அவ்வாறு கூறிய ஓர் அங்கத்தினரின் கிணற்றடிக்குச் சென்று பார்த்தோம். ஸ்டார்ட்டர் பெட்டி வெட்டவெளியில் ஒரு கம்பத்தில் இருந்தது. மழைக்கு அஞ்சி, பிளாஸ்டிக் உரச்சாக்கை அதன்மேல் இறுகச் சுற்றியிருந்தார். சாரல் உள்ளே செல்லவில்லை. உள்ளிருந்த வெப்பமும் வெளியே வரவில்லை. பெட்டிக்குள் வியர்த்த நீரால் திருகுகள் துருவேறி, வயரின் உறை கருகியிருந்தது. காப்பதற்குக் கட்டிய சாக்கே கேட்டுக்குக் காரணமாயிற்று.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்று. மின்சாதனத்துக்குப் பகை இரண்டு: வெளியிலிருந்து வரும் நீர், உள்ளிருந்து எழும் வெப்பம். முன்னதைத் தடுக்கப் பின்னதை அடைத்து வைத்தலாகாது. மோட்டார்கள் பொதுவாக 40 டிகிரி சென்டிகிரேடு வரை சூடுள்ள காற்றில் ஓடுமாறு அமைக்கப்படுகின்றன. காயிலின் உறை தாங்கக்கூடிய சூட்டுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு.

ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று.

முதலாவது, கூரை. பெட்டியை மூடிக்கட்டாமல், அதற்கு மேலே நாற்புறமும் நீண்ட ஒரு சிறு கூரை போடவேண்டும். கூரைக்கும் பெட்டிக்கும் இடையே காற்று உலாவ இடைவெளி வேண்டும். தேங்கும் நீர் எட்டாத உயரத்தில், மேற்கு வெயில் நேரே படாதவாறு பெட்டியை அமைக்கவேண்டும்.

இரண்டாவது, வயர். வயர் மேற்புறமாகப் பெட்டிக்குள் இறங்கினால் மழைநீரும் அதனுடன் இறங்கும். சற்றுத் தாழத் தொங்கவிட்டு, அடிப்புறமாக மேலேற்றி நுழைத்தால் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். துளைக்கு ரப்பர் வளையம் இடுதல் அவசியம்.

மூன்றாவது, ஓவர்லோடு ரிலே. மோட்டாரின் தகட்டில் எழுதியுள்ள ஆம்பியருக்கு ஏற்ப அதை வைக்கவேண்டும். 5 குதிரைத்திறன் மூன்று பேஸ் மோட்டார் சுமார் 7½ ஆம்பியர் இழுக்கும். ஓடும்போது ஒரு பேஸ் அறுந்தால் மற்ற இரண்டில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காகும், அவ்வேளையில் மோட்டாரைக் காப்பது ரிலேயே. ஸ்டார்ட்டர் அடிக்கடி விழுகிறதென்று குச்சியைச் செருகி நிறுத்துவதும், பியூஸ் கட்டையில் தடித்த கம்பியைக் கட்டுவதும் காவற்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்குவதற்கு ஒப்பாகும்.

நான்காவது, எர்த். இது மோட்டாரைவிட மனிதரைக் காப்பது. ஈரத்தால் பெட்டியில் கசியும் மின்சாரம், நல்ல எர்த் இல்லையேல், அதைத் தொடுபவரின் உடல் வழியே மண்ணில் இறங்கும். எர்த் கம்பி அறுபடாமலும் அதன் இணைப்பு துருப்பிடிக்காமலும் இருக்கிறதா என ஆண்டுதோறும் பார்க்கவேண்டும்.

விசைத்தறி அங்கத்தினர்க்கும் இது பொருந்தும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளில் மழை பெய்வதில்லை, பஞ்சுத்தூசி பெய்கிறது. மோட்டாரின் மேல் அது படிந்தால் உரச்சாக்கைப் போர்த்தியதற்குச் சமமே. வாரம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுக.

நனைந்த ஸ்டார்ட்டரைச் சோதிக்கும் நோக்கில் ஒருபோதும் போட்டுப் பார்க்கலாகாது. அருகில் செல்லாமல் வயர்மேனை அழைப்பதே முறை.

வயர்மேன் கூலி ஒருவருக்குப் பாரமாகத் தோன்றலாம். புரட்டாசி முடிவதற்குள் பத்து அங்கத்தினர் ஒன்றுகூடி, ஒரே நாளில் பத்துக் கிணறுகளையும் பார்க்கச் செய்தால் செலவு பகிர்ந்துவிடும். கூட்டுறவு என்பது கடன் வாங்கும் இடத்தில் மட்டுமன்று, கிணற்றடியிலும் உண்டு. ஐப்பசி அடைமழை வருமுன் இதனைச் செய்து முடிப்போமாக.