மாறா விகித விதி – தண்ணீர் முதல் தண்டவாளம் வரை

ஆங்கில வழியில் பயிலும் நம் பிள்ளைகள் 'லா ஆஃப் கான்ஸ்டன்ட் ப்ரொபோர்ஷன்' என்று மனப்பாடம் செய்வதையே தமிழில் மாறா விகித விதி என்கிறோம். ஒரு சேர்மம் எங்கே கிடைத்தாலும், எந்த முறையில் தயாரானாலும், அதிலுள்ள தனிமங்கள் நிறையளவில் ஒரே விகிதத்தில்தான் இருக்கும் என்பது இவ்விதி.

வாகட்டில் குழாயில் வரும் பவனா ஆற்று நீரையும், ஊரிலிருந்து கொண்டுவந்த தாமிரபரணி நீரையும் தனித்தனியே காய்ச்சி வடித்துத் தூய்மையாக்குவோம். எதை எடுத்தாலும் 9 கிராம் நீரில் 1 கிராம் ஹைட்ரஜனும் 8 கிராம் ஆக்சிஜனும் இருக்கும். ருசி மாறுவது அவற்றில் கரைந்துள்ள உப்புகளால்தான்.

இங்கே பிள்ளைகள் அடிக்கடி குழம்புவதுண்டு. நீரில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஓர் ஆக்சிஜன் அணு இருக்கும்போது 1:8 எப்படி வந்தது? 2:1 என்பது அணுக்களின் எண்ணிக்கை. ஓர் ஆக்சிஜன் அணு ஹைட்ரஜன் அணுவைப்போல் ஏறத்தாழ 16 மடங்கு நிறையுள்ளது. ஆகவே நிறையில் 2:16, அதாவது 1:8.

சேர்மமும் கலவையும்

புனே கஸ்பா பேட்டையிலுள்ள தாம்பட் ஆளி, செம்புப் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்ற தெரு. செம்புடன் துத்தநாகம் சேர்த்தால் பித்தளை. 70:30 ஆகச் சேர்த்தாலும் பித்தளை, 60:40 ஆகச் சேர்த்தாலும் பித்தளைதான். ஏனெனில் அது கலவை.

பச்சை நிறத் தாமிரக் கார்பனேட் அப்படியன்று, அது சேர்மம். பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் ப்ரூஸ்ட், ஸ்பெயினில் பணியாற்றியபோது, மண்ணில் கிடைத்த அப்பொருளையும் தாமே ஆய்வுக்கூடத்தில் தயாரித்ததையும் ஒப்பிட்டார். இரண்டின் இயைபும் ஒன்றே என்று 1799-இல் அறிவித்தார். பெர்த்தோலே என்ற அறிஞர் இதை மறுத்துப் பல ஆண்டுகள் வாதிட்டார். 1808-இல் வெளியான டால்டனின் நூல் இதற்குக் காரணம் காட்டியது: அணுக்கள் முழுமுழுவாகவே சேரும், பாதி அணு, கால் அணு என்ற பேச்சே இல்லை.

ரயில் பாதையில் இவ்விதி

தண்டவாளங்களை இணைக்கும் தெர்மிட் பற்றவைப்பு, ஜெர்மானியரான ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895-இல் காப்புரிமை பெற்ற வினையிலிருந்து வளர்ந்தது. இரும்பு ஆக்சைடுத் தூளுடன் அலுமினியத் தூளைக் கலந்து பற்றவைத்தால், அலுமினியம் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. இரும்பு உருகிக் கீழே இறங்குகிறது. அதன் அடிப்படைக் கணக்கு:

160 கிராம் இரும்பு ஆக்சைடு + 54 கிராம் அலுமினியம் = 112 கிராம் இரும்பு + 102 கிராம் அலுமினிய ஆக்சைடு (கசடு)

இரு பக்கமும் கூட்டிப் பாருங்கள், 214 வரும். 'கூடக் கொஞ்சம் போட்டால் நல்லது' என்று 60 கிராம் அலுமினியம் போட்டால், மிஞ்சும் 6 கிராம் உருகிய இரும்பில் கலந்து இணைப்பின் தரத்தைக் கெடுக்கும். 50 கிராம் மட்டும் போட்டால், சுமார் 12 கிராம் ஆக்சைடு வினைபுரியாமல் நிற்கும், இரும்பும் குறையும். நடைமுறையில் மாங்கனீசு முதலியனவும் சேர்ப்பதால் கணக்கு இன்னும் நுட்பமானது.

எனவேதான் இக்கலவையை ஆலையிலேயே நிறுத்து, தண்டவாளத்தின் அளவுக்கும் தரத்துக்கும் ஏற்பப் பைகளில் அடைத்து அனுப்புகிறார்கள். இதற்குப் பாதைப் பணியாளர் வழக்கில் 'போர்ஷன்' என்று பெயர். களத்தில் யாரும் அதில் ஒரு பிடி கூட்டுவதோ குறைப்பதோ கூடாது. ஈரம் பட்ட பையைப் பயன்படுத்தவும் கூடாது. அந்த இணைப்பின்மேல்தான் நாம் ஊருக்குப் போகும் வண்டி ஓடுகிறது.

ஒரு விலக்கு

வுஸ்டைட் என்னும் இரும்பு ஆக்சைடு போன்ற சில திடப்பொருள்களில் விகிதம் சற்று மாறுவதுண்டு. அவற்றுக்கு, தோற்ற பெர்த்தோலேயின் நினைவாகவே 'பெர்த்தோலைடு' என்று பெயர்.

பயிற்சி: 3 கிராம் ஹைட்ரஜனை 30 கிராம் ஆக்சிஜனில் எரித்தால் எவ்வளவு நீர் கிடைக்கும்? எது, எவ்வளவு மிஞ்சும்?

விடை: நீர் 27 கிராம்; ஆக்சிஜன் 6 கிராம் மிஞ்சும்.