குழந்தை சாட்சியும் குடும்பத்தின் பொறுப்பும்



வீட்டுக்குள் நடந்த ஒரு குற்றத்தை ஒரு குழந்தை மட்டுமே பார்த்திருந்தால், அதன் பிறகு அதை வளர்க்கும் உறவினர்களின் நடத்தையைப் பொறுத்தே வழக்கின் நிலையும் அமையும். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

ஒரு வழக்கைப் பார்ப்போம். 2003 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தில் ஒரு பெண் கொல்லப்பட்டு, இரவோடு இரவாக எரிக்கப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் கணவர். நேரில் பார்த்தது ஏழு வயது மகள். பிறகு அச்சிறுமி தாய்வழி உறவினரிடம் வளர்ந்தாள். விசாரணை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. ஆனால், வாக்குமூலம் தாமதமாகப் பெறப்பட்டது, உறவினர்கள் சொல்லிக்கொடுத்திருக்கலாம் போன்ற காரணங்களைக் காட்டி 2010-ல் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2025 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. சாட்சி சொல்லக் குறைந்தபட்ச வயது என்று எதுவும் இல்லை. கேள்வியைப் புரிந்து அறிவோடு பதில் சொன்னால் போதும். உறவினரிடம் வளர்வதால் மட்டுமே சாட்சியத்தைச் சந்தேகித்துத் தள்ளிவிட முடியாது.

எனவே அனாதரவாகும் பிள்ளையை அரவணைக்கத் தயங்க வேண்டாம். ஹனஃபி சட்டப்படி தாய் இல்லாதபோது பராமரிக்கும் உரிமை, அதாவது ஹிளானத், முதலில் தாயின் தாயாருக்கே வருகிறது. தகராறு வந்தால் 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் குழந்தையின் நலனையே பார்க்கும். பராமரிப்பு வழக்கும் குற்ற வழக்கும் வேறு வேறு. ஒன்றில் விட்டுக்கொடுத்தால் மற்றொன்றில் சாட்சியை மாற்றலாம் என்று பேரம் பேசக்கூடாது.

வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. நடந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். குழந்தை தானாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். "இப்படிச் சொல்" என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்காதீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தேடுவது அதைத்தான்.

2. பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவனையோ, எந்த வயதுப் பெண்ணையோ சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரும்படி போலீஸார் கட்டாயப்படுத்த முடியாது. வசிக்கும் இடத்துக்கே வந்து கேட்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்குப் பிள்ளையை இழுத்துச் செல்லும் முன் இதை நினைவில் வையுங்கள்.

3. பாலியல் குற்றமானால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் பொருந்தும். பிள்ளை நம்பும் ஒருவர் உடன் இருக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் எதிரில் நிறுத்தப்படாது. வழக்கறிஞர்களின் கேள்விகள் நீதிபதி வழியாகவே கேட்கப்படும். குற்றம் தெரிந்தும் புகார் தராமல் இருப்பதும் தண்டனைக்குரியது. ஊர்ப் பெரியவர்களோ ஜமாஅத்தோ பேசி முடிக்கக்கூடிய விஷயம் அல்ல.

4. குழந்தையின் பெயர், படம், பள்ளி, தெரு எதையும் வாட்ஸ்அப்பில் பகிராதீர்கள்.

5. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சத்தியப் பிரமாணம் புரியாவிட்டாலும், உண்மை பேச வேண்டும் என்பது புரிந்தால் சாட்சி சொல்லலாம். எனவே, "கோர்ட்டில் பொய் சொன்னால் ஜெயில்" என்று பயமுறுத்தத் தேவையில்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் அத்தாவாகவோ, மாமாவாகவோ இருக்கும்போது "குடும்ப மானம்" என்ற சொல் முதலில் வரும். திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம், 135-ஆம் வசனம், பெற்றோருக்கும் நெருங்கிய உறவினருக்கும் பாதகமானாலும் நீதிக்காகச் சாட்சி சொல்வதை முஃமின்கள் மீது கடமையாக்குகிறது. அந்தச் சுமையைத் தாங்க பிள்ளைக்குத் துணை நிற்பது பெரியவர்களின் வேலை.

உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

குடும்பத்துடன் பேச: நம் வீட்டுப் பிள்ளை ஒரு குற்றத்தைப் பார்த்துவிட்டால், அது முதலில் யாரிடம் தயங்காமல் சொல்லும்? அந்த ஒருவர் நம் வீட்டில் இருக்கிறாரா?