தேதி பதிக்கும் லேசர் இயந்திரம்: வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை



மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்த வியாபாரம் குறைந்து, பருப்பு, மிளகாய்த்தூள், முந்திரி, எண்ணெய் என எல்லாம் பாக்கெட்டுக்கு மாறிவிட்டன. கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் நம்மவர்கள் சொந்தப் பெயரில் பாக்கெட் போடுகிறார்கள். அதில் பேக்கிங் தேதி, காலாவதி தேதி, பேட்ச் எண், விலை ஆகியவை தெளிவாக நிற்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளில் 2021-இல் செய்த திருத்தத்தால் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதும் சேர்ந்துகொண்டது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்காற்றின் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டால் ரப்பர் ஸ்டாம்பு மை விரலோடு வந்துவிடும். தேதி அழிந்த பாக்கெட் கடையில் இருந்தால் பாக்கெட் போட்டவர் மட்டும் பதில் சொன்னால் போதாது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மொத்த வியாபாரியையும் சில்லறைக் கடைக்காரரையும் பொறுப்பாக்குகிறது. லேபிள் முறைப்படி இல்லாத உணவுக்கு 52-ஆம் பிரிவின்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஆகவே அழியாத எழுத்து வேண்டும் என்று பலரும் லேசரைப் பற்றி விசாரிக்கிறார்கள். லேசரில் மை இல்லை. ஒளிக்கற்றையின் சூடு மேல்பூச்சை நீக்க, அடியில் உள்ள நிறம் எழுத்தாகத் தெரியும். இவ்வேலைக்கு அதிகம் பயன்படும் சி.ஓ.2 லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த குமார் பட்டேல், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்தவர்.

இயந்திரத்தைப் பார்க்கும் முன் நம் பாக்கெட்டைப் பார்க்க வேண்டும். எந்தப் பொருளுக்கு எது என்பதைக் கீழே தருகிறோம்.

1. அட்டைப்பெட்டி, காகித லேபிள், பெட் பாட்டில், கண்ணாடி: சி.ஓ.2 லேசர்.

2. தகர டின், அலுமினிய மூடி: ஃபைபர் லேசர்.

3. வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, மூடி: யு.வி. லேசர். இதன் விலை கூடுதல்.

4. அச்சிட்ட பல அடுக்குக் கவர்: ரோல் அச்சடிக்கும்போதே ஒரு மூலையில் கருநிறக் கட்டம் விடச் சொல்ல வேண்டும். லேசர் அந்த மையை நீக்கினால் எழுத்து வெளுப்பாகத் தெரியும்.

5. அச்சில்லாத மெல்லிய பாலிதீன் கவர்: லேசர் வேண்டாம். எழுத்தும் தெரியாது, கவரில் ஊசித்துளை விழவும் கூடும். துளை விழுந்தால் பண்ருட்டி முந்திரி நமத்துப் போகும். இதற்கு ரிப்பன் வைத்துச் சூட்டில் பதிக்கும் இயந்திரமோ, கார்ட்ரிட்ஜ் மை இயந்திரமோ போதும்.

6. பி.வி.சி. உறை: லேசர் கூடவே கூடாது. அதிலிருந்து வரும் அமிலப் புகை ஆளையும் இயந்திரத்தையும் கெடுக்கும்.

அடுத்தது கணக்கு. ஒரு பாக்கெட்டுக்கு மைச் செலவு 3 பைசா என்றும், லேசர் விலை 6 லட்சம் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 2,000 பாக்கெட் போட்டால், 300 நாளுக்கு மைச் செலவு 18,000 ரூபாய். போட்ட முதல் திரும்ப 33 ஆண்டு ஆகும். 20,000 பாக்கெட் போடுபவருக்கு மைச் செலவு 1,80,000. மூன்றரை ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். புகை உறிஞ்சியின் ஃபில்டர், மின்சாரம், வட்டி ஆகியவற்றையும் சேர்த்து அவரவர் கணக்கை அவரவர் போட்டுப் பார்க்க வேண்டும்.

கண்ணாடிக் குழாய் லேசரின் விலை குறைவு, ஆயுளும் குறைவு. உலோகக் குழாய் நீண்ட நாள் உழைக்கும். குழாய் தீர்ந்தால் புதுப்பிக்க என்ன செலவு, சென்னையிலிருந்து ஆள் எத்தனை நாளில் வருவார் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

பாதுகாப்பில் சிக்கனம் கூடாது. இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பார்வையைப் பறித்துவிடும். சி.ஓ.2 கதிரை அக்ரிலிக் தடுப்பு நிறுத்தும். ஃபைபர் லேசரின் கதிர் சாதாரண அக்ரிலிக்கை ஊடுருவிச் செல்லும். அதற்கென உள்ள தடுப்புதான் வேண்டும். மூடியைத் திறந்தால் தானே நின்றுவிடும் அமைப்பு இருக்கிறதா என்று திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

முன்பணம் தரும் முன் நம்முடைய 100 பாக்கெட்டைக் கொடுத்து, நம் வேகத்திலேயே பதித்து வாங்க வேண்டும். எண்ணெய்க் கையால் தேய்த்துப் பார்ப்போம். சிலவற்றைத் தண்ணீரில் அமுக்குவோம். குமிழி வந்தால் துளை இருக்கிறது. விற்பவர் கொண்டுவரும் மாதிரியில் எழுத்து அழகாகத்தான் இருக்கும். நம் கவரில் எப்படி வருகிறது என்பதுதான் கேள்வி.

கடைசியாக ஒன்று. லேசரில் சரியான தேதி அழியாததுபோலத் தவறான தேதியும் அழியாது. தேதி மாற்றி அடித்தால் அந்தக் கவர் முழுவதும் நட்டம். எனவே தினமும் முதல் பாக்கெட்டை இயந்திரம் ஓட்டுபவர் அல்லாத இன்னொருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வேலை ஓட வேண்டும். இந்த வழக்கத்துக்குச் செலவில்லை. லேசர் வாங்காதவர்களும் நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.