டார்ச் சார்ஜரில் சிக்கிக்கொண்ட இடைக்கட்டை
(அங்கத்தினர் கல்விப் பாடம்)

தென்னேரி, வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரங்களில் இரவு நேரத்தில் மடை திருப்பச் செல்லும் பயிரிடுவோருக்கும், மின்சாரம் நின்ற வேளையில் அறுந்த பாவிழையைத் தேடும் நெசவாளருக்கும் டார்ச் லைட் இன்றியமையாத கருவியாகும். வரப்பில் காலை வைக்குமுன் வெளிச்சம் விழவேண்டியதன் காரணத்தை நாம் நன்கு அறிவோம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்து, மருந்து செய்வதற்கு வழங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ஆம் ஆண்டில் வடநெம்மேலியில் தோன்றியது. நம் பக்கத்து நிலங்களில் இப்பாம்புகள் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

முன்னாளில் டார்ச்சுக்கு வேண்டிய செல்லைக் கடையில் வாங்கி, தீர்ந்ததும் எறிந்துவிட்டோம். இப்பொழுது பெரும்பாலோர் கையில் இருப்பது மறுபடியும் மின்னேற்றக்கூடிய லித்தியம் அயனிச் செல். இது 1991-ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்தது. இதனை உருவாக்கிய அறிஞர் மூவருக்கு 2019-ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. சிறிய உருவில் மிகுந்த சக்தியை அடக்கி வைப்பதே இதன் சிறப்பு; அபாயமும் அதிலேயே இருக்கிறது.

இச்செல்லுக்கு மின்னேற்றும் சார்ஜரில் அடிக்கடி நேரும் கோளாறு, இடைக்கட்டை சிக்கிக்கொள்வதாகும். சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில், இதற்காகவே சார்ஜரை மூலையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கியவர்களையும், இரும்புத் திருப்புளியால் நெம்பி எடுப்பவர்களையும் காண்கிறேன். முன்னது பண நஷ்டம். பின்னது உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து. ஆகவே இப்பாடத்தை அங்கத்தினர் ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன்.

1. இடைக்கட்டை எதற்கு?

செல்லின் மேல் 18650 என்று அச்சிட்டிருந்தால், அதன் குறுக்களவு 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர் என்று பொருள். கடைசிச் சுழியம் அது உருளை வடிவம் என்பதைக் குறிக்கும். 16340 என்பது 16 மில்லிமீட்டர் குறுக்களவும் 34 மில்லிமீட்டர் நீளமும் உள்ள சிறிய செல். நீளமான செல்லுக்காகச் செய்த பள்ளத்தில் குட்டையான செல்லை வைத்தால் முனை எட்டாது. அந்த இடைவெளியை நிரப்பி மின்சாரத்தையும் கடத்துவதற்காக வைக்கும் உலோகத் துண்டையே இடைக்கட்டை என்கிறோம். கடைக்காரர் ஸ்பேசர் என்பார். வேறு சில சார்ஜர்களில் தனித்துண்டு இராது. வில்கம்பியால் முன்னும் பின்னும் ஓடும் தகடு ஒன்று எந்த நீளத்துச் செல்லையும் பிடித்துக்கொள்ளும். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. சிக்கும் காரணங்களும் ஏறக்குறைய ஒன்றே.

2. சிக்குவது ஏன்?

நாடாப் பெட்டியில் பஞ்சும் தூசியும் அடைந்தால் நாடா தடைப்படுகிறது. அதுபோலவே தறிவீட்டின் நூல்தூசும், களத்து உமியும் தகடு ஓடும் தடத்தில் அடைந்துகொள்கின்றன. இது முதற்காரணம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் முலாம் தேய்ந்த இரும்பு துருப்பிடிக்கிறது. வெவ்வேறு உலோகங்கள் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு விரைவாகும். ஆகவே இடைக்கட்டையை மாதக்கணக்கில் பள்ளத்திலேயே விட்டுவைப்பது இரண்டாங்காரணம்.

பாதுகாப்புச் சில்லு பொருத்திய செல்கள் 65 மில்லிமீட்டருக்குப் பதிலாக 68 முதல் 70 மில்லிமீட்டர் வரை நீண்டிருக்கும். இவற்றை வலிந்து நுழைத்தால் தகடு வளைந்து தடத்தில் இறுகிவிடுகிறது. இது மூன்றாவது.

நான்காவது, சூடு. முனைகள் சரியாகத் தொடாத இடத்தில் மின்தடை மிகும். தடை அரை ஓம் என்றும், ஓடும் மின்னோட்டம் ஒரு ஆம்பியர் என்றும் கொண்டால், அச்சிறு புள்ளியில் அரை வாட் சூடு பிறக்கும். மின்னோட்டம் இரண்டு ஆம்பியர் ஆனால் சூடு இரண்டு வாட், அதாவது நான்கு மடங்கு ஆகும். இச்சூட்டில் பிளாஸ்டிக் இளகி இடைக்கட்டையைக் கவ்விக்கொள்கிறது. இந்த நான்காவது காரணத்தால் சிக்கிய சார்ஜரைப் பழுதுபார்க்க முயலவே கூடாது.

3. திருப்புளியால் நெம்பலாகாது

இச்செல்லில் மேல்முனையின் நடுப்பொட்டு மட்டுமே நேர்முனை. சுற்றியுள்ள உலோகக் கூடு முழுவதும், மேல்விளிம்பு உட்பட, எதிர்முனையாகும். இரண்டையும் பிரித்து வைப்பவை மெல்லிய காகித வளையமும் பிளாஸ்டிக் உறையுமே. திருப்புளி முனை உறையைக் கிழித்து விளிம்பையும் பொட்டையும் ஒருங்கே தொட்டால், செல்லின் சக்தி முழுவதும் அந்த இரும்பின் வழியே பாயும். செல் கொதித்து, வாயு பீறிட்டு, தீப்பற்றலாம். பக்கத்தில் சங்கம் கொடுத்த பட்டுநூலும் சரிகையும் தறியில் ஏறியிருக்கும் வீட்டில் இதன் விளைவு என்ன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பும் சங்கத்தின் முதலும் ஒரே பொறியில் அழியும்.

4. செய்முறை

முதலாவது, சுவிட்சை அணைத்து, சார்ஜரை மின்வாயிலிலிருந்து அறவே கழற்றிப் பத்து நிமிடம் விட்டுவைக்கவும். தறிக்கும் வைக்கோலுக்கும் தள்ளி, சிமெண்டுத் தரையில் வைத்தே வேலை செய்யவும்.

இரண்டாவது, செல்லைக் கண்ணாலும் மூக்காலும் சோதிக்கவும். உறை கிழிந்தோ, உடல் வீங்கியோ, கசிந்தோ, இனிப்பான மருந்து நெடி வீசியோ, சூடாகவோ இருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யவேண்டாம். வெளியில் பொருள் இல்லாத வெட்டவெளியில் சார்ஜரோடு வைத்துவிட்டு விலகவும். புகையோ சீறலோ கண்டால் அருகே செல்லலாகாது. அப்புகை நச்சுத்தன்மை உடையது.

மூன்றாவது, செல் நல்ல நிலையில் இருந்தால், அதனை எதிர்முனைப் பக்கமாக விரலால் அழுத்தி, நேர்முனைப் பக்கத்தை முதலில் தூக்கவும். விரல் போதாவிட்டால் வழவழப்பாகச் சீவிய மூங்கில் சிம்பைப் பயன்படுத்தவும். காய்ந்த மூங்கில் மின்சாரம் கடத்தாது, உறையையும் கிழிக்காது.

நான்காவது, இடைக்கட்டையை மேல்நோக்கி இழுக்காமல் இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருப்பவும். அசையாவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து ஓரத்தில் ஒற்றி, சில நிமிடம் பொறுத்து மீண்டும் திருப்பவும். அருகில் விளக்கோ அடுப்போ எரியக்கூடாது.

ஐந்தாவது, சார்ஜரைக் கவிழ்த்துத் தட்டி, காய்ந்த பல்துலக்கும் பிரஷினால் தடத்தைத் துடைக்கவும். முனைகளில் மங்கிய படலம் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பான் கொண்டு தேய்த்தாலே போதும். உப்புத்தாளால் தேய்த்தால் முலாம் போய்த் துரு இன்னும் விரைவில் பிடிக்கும்.

ஆறாவது, நன்கு உலர்ந்த பின், செல் இல்லாமலே தகட்டை இருபது முறை இழுத்து விடவும். ஒவ்வொரு முறையும் அது தானாகவே முழுத் தூரம் திரும்பவேண்டும். பாதி வழியில் நிற்குமானால் வில்கம்பி தளர்ந்தது அல்லது தகடு வளைந்தது என்று அறிந்து, அப்பள்ளத்தைப் பயன்படுத்தாமல் விடவும்.

ஏழாவது, மின்னேற்றத் தொடங்கி அரைமணி நேரம் அருகிலிருந்து கவனிக்கவும். முனைப்பக்கம் கைபொறுக்காத சூடு கண்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தவும். ஏற்றம் முடிந்த செல்லை மல்டிமீட்டரில் அளந்தால் 4.2 வோல்ட் அளவில் இருக்கவேண்டும். 4.25 வோல்ட்டைத் தாண்டினால் அந்தச் சார்ஜரை நம்பலாகாது.

5. செய்யத் தகாதவை

தடத்தில் தேங்காயெண்ணெயோ மண்ணெண்ணெயோ இடவேண்டாம். தூசி மேலும் ஒட்டும், பிளாஸ்டிக்கும் கெடலாம். பென்சில் கரியைத் தூவுவோரும் உண்டு. கரி மின்சாரம் கடத்தும் பொருள் என்பதை மறக்கலாகாது. இடைக்கட்டை தொலைந்ததென்று நாணயம், ஆணி, வெள்ளிக் காகிதம், காந்தத் துண்டு முதலியவற்றைச் செருகுவது மிகப் பெரிய தவறு. இவை நழுவி இரு முனைகளையும் இணைத்துவிடலாம். சார்ஜரின் உடலைத் திறக்கவும் வேண்டாம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் ஆயினும், நேராக மின்வாயிலில் செருகும் சார்ஜரின் உள்ளே சுமார் 325 வோல்ட் தேங்கி நிற்கக்கூடும்.

6. இடைக்கட்டை மறைக்கும் உண்மை

அங்கத்தினர் பலர் கவனியாத விஷயம் ஒன்று உண்டு. இடைக்கட்டை நீளத்தை மட்டுமே சரிக்கட்டும், மின்னோட்டத்தைச் சரிக்கட்டாது. 2,500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பெரிய செல்லுக்கு ஒரு ஆம்பியர் இதமான அளவு. அதே ஒரு ஆம்பியரை, 700 மில்லி ஆம்பியர்-மணி மட்டுமே கொள்ளும் சிறிய செல்லில் செலுத்தினால், சின்னக் கால்வாயில் பெரிய மதகைத் திறந்துவிட்டது போலாகும். அதற்கு 350 மில்லி ஆம்பியர் அளவே போதும். சார்ஜரில் குறைந்த அளவு வைக்கும் வசதி இல்லையேல் சிறிய செல்லை அதில் இடவே வேண்டாம். பென்சில் செல்லின் உருவிலேயே 14500 என்னும் லித்தியம் செல்லும் இருக்கிறது. உருவம் ஒத்ததென்று 1.5 வோல்ட் பென்சில் செல்லை 4.2 வோல்ட் சார்ஜரில் வைத்தால் அது கசியும், வெடிக்கவும் கூடும்.

அக்கினி நட்சத்திர நாட்களில் தகரக் கூரையின் கீழ் மின்னேற்றுவதும் தகாது. 45 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் இச்செல்லுக்கு மின்னேற்றலாகாது என்பதே பொதுவான வரம்பு. காலைக் குளிர்ச்சியில், விழித்திருக்கும் வேளையில் ஏற்றுவதே நலம்.

7. சங்கம் செய்யக்கூடியது

ஒவ்வொருவரும் தனித்தனியே மல்டிமீட்டர் வாங்கவேண்டியதில்லை. சங்க அலுவலகத்தில் ஒன்று இருந்தால் ஊருக்கே போதும். நூல் அறைக்கும் உரக் கிடங்கிற்கும் தள்ளி ஒரு கல்மேடையை மின்னேற்றும் இடமாக ஒதுக்கலாம். தீர்ந்துபோன செல்களின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்றில் சேர்க்கலாம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், இவற்றை மற்றக் குப்பையோடு கலவாமல் ஒப்படைக்கும் கடமையைப் பயன்படுத்துவோர் மீதும், திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீதும் வைத்துள்ளன. குப்பைமேட்டில் எறிந்த செல் தீக்குக் காரணமாகும். குளத்து நீரையும் கெடுக்கும்.

உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறித்த பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. பொதுவான பொருளைப் பொதுவில் பேணும் முறை இம்மண்ணுக்குப் புதிதன்று. மதகானாலும் மின்கருவியானாலும், சிறு பழுதைக் காலத்தில் கவனிப்பதும், நம்மால் ஆகாத பழுதைத் தொடாமல் விடுவதும் அங்கத்தினர் கைக்கொள்ளவேண்டிய சிக்கனமாகும்.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. சிக்கிய செல்லை எடுக்க இரும்புக் கருவி ஏன் ஆகாது? மூங்கில் ஏன் ஏற்றது?
2. மின்னோட்டம் இருமடங்கானால் முனையில் பிறக்கும் சூடு எத்தனை மடங்காகும்?
3. இடைக்கட்டை பொருந்திவிட்டது என்பதால் மட்டும் சிறிய செல்லுக்கு மின்னேற்றலாமா?
4. எந்நிலையிலுள்ள சார்ஜரைப் பழுதுபார்க்காமல் விலக்கிவிடவேண்டும்?
5. உங்கள் சங்கத்தில் தீர்ந்த செல்களைச் சேர்க்கும் பொறுப்பை யார் ஏற்பது? அடுத்த கூட்டத்தில் தீர்மானிக்கவும்.